வளர்ப்புப் பிராணி உள்ள வீட்டில் ரிப்பேர் வேலை

குழாய் மாற்றுவது, மின்விசிறி மாட்டுவது, சுவரில் துளை போடுவது, உடைந்த டைல்ஸைப் பெயர்த்து ஒட்டுவது என்று வீட்டுக்குள் நடக்கும் சின்ன வேலை எதுவானாலும், நாயோ கிளியோ வளரும் வீட்டில் அது இரண்டு வேலை. பிராணியின் சத்தத்தைச் சமாளிப்பது அந்த இரண்டாவது வேலை. சென்னைப் புறநகரில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போகும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார், ஆசாரி எல்லோருக்கும் இது பழகிப்போன நிலைமை. நாய் குரைப்பதற்கு டிரில்லிங் மெஷின்தான் காரணம் என்று வீட்டுக்காரர்கள் நினைப்பதுண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் மெஷினைப் பையிலிருந்து எடுப்பதற்கு வெகுமுன்பே சத்தம் ஆரம்பித்துவிடுகிறது. ஆள் வந்து நின்ற விதம், பெல் அடித்த விதம், எத்தனை தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்தார் என்பவைதான் முதல் அரை மணி நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்தப் புறநகரின் தனி வீடுகள் பலவும் அரை கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ, அதாவது 1,200 அல்லது 2,400 சதுர அடி மனையில் கட்டியவை. காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே விட்ட மூன்றடி நான்கடிச் சந்துதான் நாய் சுற்றிவரும் இடம். கேட் அதன் எல்லை. அந்த எல்லையில் ஹெல்மெட்டும் மாஸ்க்குமாக, தோளில் பையும் கையில் நீளமான பைப்புமாக ஒருவர் வந்து நின்றால், நாய்க்கு அவர் பழக்கப்பட்ட மனித உருவமே இல்லை. ஹெல்மெட்டை வண்டியிலேயே கழற்றி வைத்துவிட்டு, முகம் தெரிய, நாயின் கண்ணை உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நிற்பது தொழிலின் முதல் பாடம். காலிங்பெல்லை அடிக்காமல் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிடுவது இரண்டாவது. பெல் அடித்தால் யாரோ வருகிறார்கள் என்று நாய் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதுமே அது பாதிக் கோபத்தில்தான் கேட்டுக்கு ஓடி வரும். காலையில் வேலை பார்த்த வீட்டு நாயின் வாசனை பேன்டில் ஒட்டியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. உள்ளே நுழைந்ததும் நாய் முதலில் மோப்பம் பிடிப்பது அதைத்தான். நின்ற இடத்தில் நின்று, கையை ஆட்டாமல், அது மோந்து முடிக்கும்வரை பொறுத்தால் பிறகு கிடைக்கும் அமைதி நீடிக்கும். அவசரப்பட்டு உள்ளே நடப்பவர் அதைச் சம்பாதிப்பதில்லை.

நாய் ஏன் விடாமல் குரைக்கிறது என்பதை அதன் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தபால்காரர் வருகிறார், கூரியர் பையன் வருகிறான், கேஸ் சிலிண்டர் போடுபவர் வருகிறார். நாய் குரைக்கிறது; அவர்கள் போய்விடுகிறார்கள். தினமும் இதே கதைதான். குரைத்ததால்தான் போனார்கள் என்பது நாயின் கணக்கு. அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. பிளம்பர் வந்தால் மட்டும் அவர் போகாமல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார். கணக்கு பொய்த்ததும் நாய் இன்னும் பலமாகக் குரைத்துப் பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்து படுக்கும்போது, அவர் ஹார்டுவேர் கடைக்கு ஒரு எல்போ வாங்கப் புறப்படுகிறார். குரைப்பு பலித்துவிட்டது. பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறார், மறுபடி முதலிலிருந்து. வாஷர் வாங்க ஒரு நடை, டெஃப்லான் டேப்புக்கு ஒரு நடை என்று ஒவ்வொரு நடையும் நாய்க்குப் புதிய அந்நியரின் வருகை. மெஷின் சத்தத்தைவிட இந்தக் கடை நடைதான் நாயை அதிகம் கெடுக்கிறது.

ஆகவே பிராணி உள்ள வீட்டு வேலையை முதல்நாளே தொடங்குவது நல்லது. குழாயின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கி, அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று கேட்டு, சாமானைக் கையோடு கொண்டுபோவது பாதி வெற்றி. இந்த வட்டாரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல தெருக்களில் போர்வெல் தண்ணீர்தான். அதன் உப்பு மரையில் படிந்து பழைய ஃபிட்டிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டேப்பை மட்டும் கழற்றலாம் என்று ரெஞ்ச் போட்டால் சுவருக்குள் இருக்கும் நிப்பிளும் சேர்ந்து முறியும். தெரிந்தவர்கள் நிப்பிள், எல்போ, எண்ட் கேப் எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு கூடுதலாகப் பையில் வைத்திருப்பார்கள். ஏணி உட்பட எல்லாச் சாமானையும் ஒரே நடையில் உள்ளே கொண்டுவந்துவிட்டு, கேட்டைத் தாழ் போட்டுவிட்டுத்தான் வேலையில் உட்கார வேண்டும்.

வீட்டுக்காரர் சொல்லும் முதல் வார்த்தை எல்லா வீட்டிலும் ஒன்றேதான்: “ஒண்ணும் பண்ணாதுப்பா, சும்மா குரைக்கும், வா.” அன்போடு சொல்வதுதான், அவர்களை அது ஒன்றும் பண்ணாது என்பதும் உண்மைதான். அந்நியரிடம் அது எப்படி நடக்கும் என்பது அவர்களுக்கே தெரிய வாய்ப்பில்லை. “பரவால்லைம்மா, ஒரு பத்து நிமிஷம் கட்டிப் போட்டுக் கூப்பிடுங்க” என்று தயங்காமல் சொல்லிப் பழக வேண்டும். குரைப்பதை வைத்து மட்டும் நாயை எடைபோடக்கூடாது. முன்னும் பின்னும் ஓடி, வால் தளர்ந்து ஆட, விட்டுவிட்டுக் குரைப்பது பெரும்பாலும் பயமும் ஆர்வமும் கலந்த நாய். உடம்பை விறைத்து, வாலை உயர்த்தி, குரைப்பை நிறுத்தி, கண் இமைக்காமல் பார்க்கும் நாய்தான் கவலைக்குரியது. சத்தம் நின்றுவிட்டது என்று அந்த நேரத்தில் குனிந்து கருவியை எடுப்பது ஆபத்து.

ஏணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலையூரில் ஒரு வீட்டில் மின்விசிறி மாற்றும் வேலை. வெள்ளை ஸ்பிட்ஸ், ஊர்வழக்கில் பொமரேனியன். எலக்ட்ரீஷியன் தரையில் நின்று பழைய ரெகுலேட்டரைக் கழற்றும்வரை அது வாசற்படியில் படுத்து, தலையைக் காலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஏணியில் மூன்றாவது படி ஏறியதும் எழுந்து கீச்சென்று ஆரம்பித்தது. இறங்கினார், அடங்கியது. ஏறினார், ஏணியின் காலைக் கடிக்கவே வந்துவிட்டது. தரையில் இருக்கும் ஆளை அதற்குப் புரிகிறது; ஆளின் தலை உத்தரத்தில் முட்டுவதும், கால் அந்தரத்தில் நிற்பதும் புரியவில்லை. கடைசியில் ஏணியைத் தரையில் படுக்கவைத்து, வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நாய் அதன் இரண்டு முனையையும் மோந்து முடிக்க விட்டார்கள். பிறகு நிறுத்தி ஏறியபோது ஒன்றிரண்டு முறை உறுமியதோடு சரி. ஏணி, சாரம், தலையில் மாட்டும் டார்ச், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றை நாய் பார்க்க முதலில் சும்மா வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துவது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

இனி மெஷின். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு அது 45,000 அளவில் இருக்கிறது. பூனைக்கு 60,000-ஐயும் தாண்டும். டிரில்லிங் மெஷினின் மோட்டாரிலிருந்தும் கியரிலிருந்தும் கிளம்பும் மெல்லிய கீச்சொலியில் மனிதருக்கு எட்டாத பகுதியும் அவற்றுக்குக் கேட்கிறது. ஹாமர் மெஷின் பக்கத்தில் சத்தம் 100 டெசிபல் அளவுக்குப் போகும். பிடித்து வேலை செய்பவரே காதை மூடிக்கொள்ள வேண்டிய அளவு அது. அதோடு ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, காங்கிரீட்டில் அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் போகிறது, அதிகம் தேயாமலும் போகிறது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடி பீமில் போடும் துளை தரைத்தளத்துக் காரிடாரில் படுத்திருக்கும் நாயின் வயிற்றுக்குக் கீழே அதிர்வது இதனால்தான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சத்தம் தெரிந்த சத்தத்தைவிட அதிகம் பயமுறுத்துகிறது. வேலை நடக்கும் வீட்டு நாய் அடங்கிய பிறகும் பக்கத்து ஃபிளாட் நாய் விடாமல் குரைப்பதை இதை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

சத்தத்தின் அளவு மட்டும் பிராணியை உலுக்குவதில்லை. விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம், பொழிச்சலூர், அனகாபுத்தூர் வீடுகளில் தலைக்கு மேல் விமானம் இறங்கினாலும் நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. சானடோரியம், குரோம்பேட்டை தண்டவாள ஓரத்து நாய்கள் ரயிலுக்குக் காதை அசைப்பதில்லை. இரண்டும் தினம் வருபவை, வந்தபடியே போய்விடுபவை, வீட்டுக்குள் நுழையாதவை. பழகிப்போவதற்கு இந்த ஒழுங்கு வேண்டும். அதே நாய் ஒரு ஆணி அடித்தால் சோபாவுக்கு அடியில் ஓடுகிறது. சில நிமிடம் ஓடி, நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திடீரென்று கிளம்பும் சத்தத்துக்கு யாரும் பழகுவதில்லை. ஒவ்வொரு முறையும் பயம் கூடிக்கொண்டே போகும். தீபாவளிப் பட்டாசில் மிரண்ட நாயின் நிலைமை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் சுத்தியல் சத்தத்துக்கே அது நடுங்கும்.

இதிலிருந்து வேலைமுறை தானாக வந்துவிடுகிறது. துளை போட வேண்டிய இடங்களையெல்லாம் முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டு, எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிட வேண்டும். ஒரு துளை, ஒரு பிளக், ஒரு ஸ்க்ரூ, பிறகு அடுத்த துளை என்று போவது வேலைக்கு ஒழுங்காகத் தெரியலாம். பிராணிக்கு அது ஒரு மணி நேரச் சித்திரவதை. பிராணி இருக்கும் அறைக்கு எட்டத்தில் தொடங்கிக் கிட்டே வருவது நல்லது. பிட் கூர்மையாக இருந்தால் துளையின் நேரம் பாதியாகக் குறையும். மழுங்கிய பிட்டை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுதான் நீண்ட கூச்சலைக் கிளப்புகிறது. எல்லாச் சுவருக்கும் ஹாமர் தேவையும் இல்லை. பழைய செங்கல் சுவரும், இப்போதைய ஃபிளாட்டுகளில் வைக்கும் லேசான ஏ.ஏ.சி. பிளாக் சுவரும் சாதாரணச் சுழற்சிக்கே வழிவிடும். பீம், பில்லர், சீலிங் மூன்றுக்குத்தான் ஹாமர். பலர் மெஷினை எடுத்ததும் பழக்க தோஷத்தில் ஹாமரில் வைத்துவிடுகிறார்கள். வயரிங்குக்குச் சுவரில் காடி வெட்டுவது, டைல்ஸ் அறுப்பது ஆகிய இரண்டும் எப்படிச் செய்தாலும் பெருஞ்சத்தம்தான். அந்த நேரத்துக்கு நாயை வெளியே நடக்கக் கூட்டிப்போகச் சொல்வதே சரி. டைல்ஸைத் தெருப்பக்கமோ மொட்டை மாடியிலோ வைத்து அறுக்கலாம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. ஃபிளாட் சங்கங்கள் இதைவிடக் கண்டிப்பாக மதியத் தூக்க நேரத்தையும் ஒதுக்கி வைத்திருக்கும். பக்கத்து வீடுகளில் நாய் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டு, துளை போடும் நேரத்தைச் சொல்லிவிட்டால் அவர்களும் தயாராகிவிடுவார்கள்.

நாயை எங்கே அடைப்பது என்பதில் வீட்டுக்காரர்கள் யோசிக்காமல் முடிவெடுப்பதுண்டு. பாத்ரூமில் போட்டுப் பூட்டுவார்கள். பிளம்பருக்கு வேலையே பாத்ரூமில்தான் இருக்கும். மறுபடி திறந்து, இழுத்து, வேறு அறைக்கு மாற்றுவதற்குள் நாய்க்கு வெறி ஏறிவிடும். வேலை எங்கெல்லாம் நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுவது வேலைக்காரரின் பொறுப்பு. எலக்ட்ரீஷியன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: மெயினை ஆஃப் செய்தால் நாயை அடைத்த அறையில் ஃபேன் நின்றுவிடும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. மூடிய அறையில் காற்றில்லாமல், பயத்தில் விடாமல் குரைக்கும் நாய்க்கு உடல்சூடு மளமளவென்று ஏறும். நாய் வியர்த்து ஆறுவதில்லை, மூச்சிரைத்துத்தான் ஆறுகிறது. 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு வீடு வீடாகப் பரவிய பக் நாய்க்கு மூக்கே சப்பை. அதனால் மற்ற நாய் அளவுக்கு இரைக்கவும் முடியாது. ஹஸ்கி போன்ற குளிர்தேச நாய்களும் இப்போது இங்கே வளர்கின்றன. இந்த நாய்கள் உள்ள வீட்டில் மெயினை மொத்தமாக அணைக்காமல், வேலை செய்யும் சர்க்யூட்டின் எம்.சி.பி.-யை மட்டும் இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வேலை செய்யலாம். மெயினை இறக்கியே ஆகவேண்டிய வேலையைக் காலை ஏழெட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு என்றாலும் அதை மிகைப்படுத்தத் தேவையில்லை. ஸ்பிட்ஸ் அதிகம் குரைக்கும். லேப்ரடார் குரைப்பதைவிட ஸ்க்ரூவையும் வாஷரையும் வாயில் கவ்வுவதில் ஆர்வம் காட்டும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் விலகி நின்று கவனித்துவிட்டு ஒத்துப்போய்விடும். தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ராஜபாளையம். அந்த வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. டிரில் போட்டாலும் அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்து, ரொம்ப சாது என்று நினைத்துப் பின்பக்கமாகத் தாண்டிப் போனால் திடுக்கிட்டுத் திரும்பிப் பாயும். அதன் கண்ணில் படும்படி முன்பக்கமாக வர வேண்டும்.

பறவைகளின் கதை வேறு. கூண்டுப் பறவையின் காது மனிதக் காதைவிடக் குறுகிய எல்லைக்குள்தான் கேட்கிறது. டிரில்லின் மிகக் கூர்மையான ஒலியெல்லாம் நாயைப்போல் அதற்கு எட்டாது. அதை உலுக்குவது அதிர்வு. பறவையின் காலில் அதிர்வை உணரும் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. உட்கார்ந்திருக்கும் குச்சி நடுங்கினால் இருட்டிலும் அதற்குத் தெரிந்துவிடும். வீடுகளில் கூண்டைச் சுவரில் அடித்த கொக்கியிலோ சிட் அவுட் சீலிங் வளையத்திலோதான் மாட்டியிருப்பார்கள். ஹாமர் ஓடும்போது மொத்த அதிர்வும் கொக்கி வழியாகக் குச்சிக்குப் போகிறது. கூண்டை இறக்கி, மடித்த கோணி மேலோ பழைய தலையணை மேலோ, சுவரைத் தொடாமல் வைத்தால் பறவைகளின் படபடப்பு கண்ணெதிரே குறைவதைப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை இது.

லவ் பேர்ட்ஸ் என்று இங்கே விற்கும் பட்ஜெரிகர் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் கூட்டம் கூட்டமாக வாழும் பறவை. மிக்சி ஓடினாலும், குழாயில் தண்ணீர் கொட்டினாலும், கட்டிங் மெஷின் ஓடினாலும் அது கூடவே உரத்துக் கத்தும். பின்னணிச் சத்தம் ஏறும்போது தன் குரலையும் ஏற்றிக்கொள்வது பல உயிரினங்களிடம் உள்ள குணம். 1911-ல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார் மனிதரிடம் இதை விவரித்தார். பின்னாளில் பட்ஜெரிகரிடமும் இது ஆய்வில் உறுதியானது. ஆக, மெஷின் ஓடும்போது லவ் பேர்ட்ஸ் கத்துவதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் குரல் அது.

பச்சைக்கிளியும் நிறைய வீடுகளில் தென்படும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதே சரி. வேலைக்குப் போன இடத்தில் இதைச் சொல்வது சங்கடம்தான் என்றாலும், தெரியாமல் வளர்ப்பவர்களே அதிகம் என்பதால் பதமாகச் சொல்லிவிடலாம். கிளி கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லும். காலிங்பெல்லையும் பிரஷர் குக்கர் விசிலையும் அச்சாகச் செய்து, வேலையின் நடுவே வாசலுக்கு ஓட வைக்கும் கிளிகள் உண்டு.

பறவை உள்ள வீட்டில் உண்மையான ஆபத்தை அதன் கூச்சலில் தேடக்கூடாது. கூச்சல் நின்றால்தான் பார்க்க வேண்டும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப் பைகளோடு சேர்ந்து, உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சிலும் நம்மைவிட அதிகம் உறிஞ்சிக்கொள்கிறது. விஷக் காற்றை முன்கூட்டி அறிய நிலக்கரிச் சுரங்கத்தில் கேனரிக் குருவியை வைத்திருந்தது இந்தக் குணத்தை நம்பித்தான். பிரிட்டனில் 1986-ல்தான் அந்த வழக்கத்துக்கு விடை கொடுத்தார்கள். சி.பி.வி.சி. பைப் ஒட்டும் சால்வென்ட், வார்னிஷ், தின்னர், மரப் பாலிஷ் ஆகியவற்றின் ஆவி கூண்டுப் பறவையைக் கொல்லக்கூடியது. கத்திக்கொண்டிருந்த பறவை இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்து, வாய் திறந்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால் அந்தக் கணமே திறந்த வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். சால்வென்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் கூண்டு வேறு வீட்டில் இருப்பது அதைவிட நல்லது. பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலையிலும் கவனம் வேண்டும்: வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல் கம்பிகளின் தூளில் ஈயம் இருக்கலாம். அது பறவைக்கும் நாய்க்கும் குழந்தைக்கும் கேடு.

பூனை சத்தம் போடாது. அதுதான் அதில் உள்ள சிக்கல். முதல் சுத்தியல் அடியிலேயே காணாமல் போய்விடும். பரண் மேல், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், சமையலறைக் கடப்பாக் கல்லுக்குக் கீழ், கழற்றிய ஃபால்ஸ் சீலிங் ஓட்டை வழியாக உள்ளே, ஃபிளாட்டாக இருந்தால் பைப் போகும் டக்ட்டில் என்று அது போய்ப் பதுங்கும் இடங்கள் வேலைக்காரர் திறந்துவைத்த இடங்களாகவே இருக்கும். மாடுலர் கிச்சனுக்குக் கீழே பைப் கசிவைச் சரிசெய்து, ஸ்கர்ட்டிங் பலகையை மாட்டி, சிலிக்கானும் போட்டு, கையைக் கழுவும்போது பலகைக்குப் பின்னாலிருந்து ‘மியாவ்’ என்று கேட்டால் அன்றைய வேலை மறுபடி முதலிலிருந்து. எந்த மூடியையும் திரும்ப மாட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம், “பூனை எங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டு, அவர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகே மூட வேண்டும். ‘மாடியில இருக்கும்’ என்ற பதில் போதாது. கரையான் மருந்து, பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் இன்னொரு விஷயம்: பெர்மெத்ரின் வகை மருந்து நாய்க்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாத அளவிலேயே பூனைக்கு விஷம்.

மீன் தொட்டியில் சத்தமே இல்லை, ஆனால் அதே மருந்து வகை மீனுக்கு அதைவிடக் கொடிய விஷம். தொட்டியை மூடாமல் ஸ்ப்ரே செய்யக்கூடாது. மின்சாரத்தை நிறுத்தினால் ஏரேட்டரும் நிற்கும். வெயில் கொளுத்தும் நாளில் சூடான தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே இணைப்புக் கொடுக்க வேண்டும். வாஸ்துக்காக வைக்கும் அரோவானா அதிர்வுக்குத் துள்ளி வெளியே விழும் மீன்; பக்கத்துச் சுவரில் துளை போடும்போது தொட்டி மூடியின் மேல் கனமாக எதையாவது வைத்துவிட வேண்டும்.

முடிச்சூர், மண்ணிவாக்கம், மாடம்பாக்கம் பக்கம் இன்னும் கோழி வளர்க்கும் வீடுகள் இருக்கின்றன. பாம்புக்கு எச்சரிக்கையாக இருக்கும் என்று சிலர் கினிக் கோழி வைத்திருப்பார்கள். அந்நிய முகம் தெரிந்தால் அதன் கத்தல் தெருக்கோடிவரை கேட்கும்; நாய்க்கு உள்ள சமாதான வழி எதுவும் அதனிடம் செல்லாது. தோட்டத்துப் பக்கம் போகாமல் வேலையை முடிப்பதுதான் வழி.

இந்த வேலைகளுக்கு ஊரில் ஒரு பருவக் கணக்கு உண்டு. பங்குனி, சித்திரையில் ஏ.சி. சர்வீஸ்; அதற்கு ஓட்டும் வாட்டர் பம்பின் சத்தத்துக்கும் பீய்ச்சும் தண்ணீருக்கும் நாய் துள்ளும். ஐப்பசி மழையில் தட்டோடு ஒழுகலும் சுவர் ஓதமும். மார்கழியில் பொங்கலுக்கு முந்தைய பெயின்டிங். 2015 டிசம்பர் வெள்ளம் இந்தக் கணக்கையே மாற்றியது. அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் வீடுகளில் தண்ணீர் ஏறி இறங்கியபின், பிளக் பாயின்ட்டுகளை மேலே தூக்கி வைக்கவும், நனைந்த வயரை உருவி மாற்றவும் எலக்ட்ரீஷியன்கள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். தாழ்ந்த வீடுகளை ஜாக்கி வைத்து அடியோடு உயர்த்தும் வேலையும் இந்த வட்டாரத்தில் நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வேலை வாரக்கணக்கில் நீளும். நாயை அங்கேயே வைத்துக்கொள்வது அதற்குச் செய்யும் கொடுமை. உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

எத்தனை கவனமாக இருந்தாலும் கடி விழுவதுண்டு. கீறல்தானே, வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று வேலையைத் தொடர்வது தொழிலில் சர்வசாதாரணம், அது தவறு. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி; தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை.

வேலை முடிந்த வீட்டில் பிராணிக்கு மிஞ்சும் ஆபத்துகள் தரையில் கிடக்கின்றன. வெட்டிய செப்புக் கம்பித் துண்டு, வயரின் பி.வி.சி. தோல், ஸ்க்ரூ, உடைந்த டைல்ஸ் சில்லு ஆகியவற்றை நாய் விழுங்கும் அல்லது மிதிக்கும். காந்தம் ஒன்றை இழுத்துவிட்டுப் பிறகு பெருக்கினால் இரும்புத் துண்டுகள் தப்பாது, மற்றதைக் கண்ணால் தேட வேண்டும். ஈரச் சிமென்ட்டின் பி.எச். 12-க்கு மேல், அதில் நடந்த நாய் பாதத்தை நக்கும்போது நாக்கும் வெந்துபோகும். பூச்சு காயும்வரை அந்த இடத்தைப் பலகை வைத்து மறைக்கச் சொல்ல வேண்டும். சாமானை வண்டியில் ஏற்றும் நேரத்தில்தான் கேட் திறந்தபடி கிடக்கும், பயந்த நாய் தெருவுக்கு ஓடுவதும் அப்போதுதான். ஜி.எஸ்.டி. சாலையும் வேளச்சேரி சாலையும் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் அந்த ஒரு நிமிடம் போதும். நாய் கட்டில் இருக்கும்போதே ஏற்றி முடித்துவிட வேண்டும். கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பும்போது நாய் குரைத்துக்கொண்டிருந்தால் வாசலில் சற்று நின்று, அது ஓய்ந்த பிறகு நடக்கலாம். குரைப்புக்கு ஆள் போவதில்லை என்று ஒருமுறை கற்ற நாய், அடுத்த ரிப்பேருக்கு அதே ஆள் வரும்போது சீக்கிரம் அடங்குகிறது. கூண்டுப் பறவைகளை மட்டும் அன்றே திரும்பக் கொண்டுவரக் கூடாது. சால்வென்ட், பெயின்ட் வாசனை மனித மூக்குக்குத் தெரியாமல் போன பிறகும் ஓரிரு நாள் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் கூண்டை உள்ளே வைக்க வேண்டும்.